ஒன்பது மில்லி குறைந்த கண்ணாடி

மணி பன்னிரண்டேகால். நான்கு மணிக்குக் கோர்ட்.

நடுவில் மூன்றே முக்கால் மணி நேரம்தான். அந்த நேரத்தில் ஊரில் மற்றவர்கள் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு, எழுந்து முகம் கழுவியிருப்பார்கள். பட்டாசு மட்டும் ஒரு வார்ப்புப் பட்டறையின் முதலாளி அறைக்கு வெளியே, கண்ணாடி போய்விட்ட ஜன்னலுக்கு முன்னால் நின்று டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பசியில் வயிறு கபகபவென்றது.

டேப்பின் மறுமுனை அவனுடைய மேடத்தின் கையில் இருந்தது. ஊரார் அவருக்கு வைத்த பெயர் நிதானம். எரிந்த குடோன்களையும் நசுங்கிய லாரிகளையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் துருவிப் பார்த்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பை ஜோடியாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். பட்டாசு அவருடைய உதவியாளன். அந்தப் பெயர் அவன் வாய்க்காக வைத்தது.

"அகலம் அறுபது செண்டிமீட்டர். உயரம் நாப்பது. சரியா?" என்றார் நிதானம்.

"சரி மேடம். அஞ்சாவது தடவையும் அதேதான். ஜன்னல் வளர்ற வயசைத் தாண்டிடுச்சுன்னு நினைக்கிறேன்."

பின்னால் நின்ற இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான்தான் நேத்தே அளந்துட்டேனே மேடம். முதலாளியம்மா கேட்டுக்கிட்டதால உங்களை உள்ள விட்டேன். நாலு மணிக்கு அவனைக் கோர்ட்ல நிறுத்துறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவன் என்று அவர் சொன்னது இந்தப் பட்டறையின் பேட்டர்ன்காரனை. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், மண்ணில் பதித்துக் குழி எடுக்க மரத்தில் ஒரு மாதிரி செய்வார்களே, அதைச் செய்கிறவன். சனிக்கிழமை காலை முதலாளியம்மா சோதனை ரிஜிஸ்டரை வாங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டினார். லிஃப்ட்டுக்குப் போகிற சக்கரங்களில் எதெது விரிசல் விட்டது என்கிற விவரமெல்லாம் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டறை விடுமுறையில் இருக்கும்போது, யாரோ ஜன்னலின் பழைய கண்ணாடியை உடைத்து எடுத்து, உள்ளே போய் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு, புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போகப் பார்த்திருக்கிறான். திருட்டு நடந்ததே தெரியக் கூடாது, ரிஜிஸ்டர் எங்கேயோ தொலைந்துபோன மாதிரி இருக்க வேண்டும் என்பது கணக்கு.

புதுக் கண்ணாடி சட்டத்தில் உட்காரவில்லை. சின்னதாய்ப் போய்விட்டது. நழுவி விழுந்து சுக்குநூறாக நொறுங்கிய சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்தார். பின்மண்டையில் இரும்புக் கம்பியால் ஒரு அடி. இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். அவர் திறக்காமலே போய்விட்டால் இது கொலைக் கேஸ்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் தனியாக வேலை பார்த்தவன் பேட்டர்ன்காரன். கண்ணாடிக் கடைக்குப் போன அளவு எழுதியிருந்ததோ அவன் மேசையில் கிடக்கிற மாதிரி ஒரு மரத் துண்டில். வேறென்ன வேண்டும்? நேற்றே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நடைவழியில் அவனுடைய அக்கா நின்றுகொண்டிருந்தார். தையல்காரர். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர், கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தையல் மெஷினை மிதித்தே ஆளாக்கியவர். "அவன் ஒரு கோழியைக்கூட அடிச்சு விரட்ட மாட்டான் மேடம்" என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நிதானம் முதல் தடவை கேட்பவர் மாதிரியே கேட்டுக்கொண்டார்.

"கண்ணாடிக் கடைக்குப் போகலாம்" என்றார் நிதானம். அக்காவும் கூடவே வந்து காரில் ஏறிக்கொண்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். ஊரில் எல்லோரும் அவர் தப்பாக வெட்டிவிட்டார் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். அளவு நோட்டை எடுத்து மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"முப்பது வருஷமா வெட்டறேன். ஒரு மில்லி தப்பினா கத்தியைக் கீழ போட்டுருவேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சரக்கு வண்டிக்காரர் மரத் துண்டைக் கொண்டு வந்து குடுத்தார். தெருமுனையில ஹெல்மெட் போட்ட ஆள் ஒருத்தர் குடுத்தனுப்பினாராம். வெட்டின கண்ணாடியையும் வண்டிக்காரரே வாங்கிட்டுப் போனார். துண்டைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா நான் பாத்து எழுதினது இங்க இருக்கு."

பட்டாசு எட்டிப் பார்த்தான். 59.1, 39.4.

"கண்ணாடி உக்கார்றதுக்குக் கொஞ்சம் குறைச்சு எழுதியிருப்பாங்களோ?" என்றார் நிதானம்.

"அதுக்கு ரெண்டு மில்லி விடுவாங்க. ஒன்பது மில்லி எவன் விடுவான்? காத்து வரட்டும்னா?"

"ஆள் அவசரத்துல தப்பா அளந்திருக்கான்" என்றான் பட்டாசு. "நான்கூட போன மாசம் கட்டிலுக்கு மெத்தை வாங்கினேன் மேடம். கால் வெளியில தொங்குது."

நிதானம் சிரிக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாசுக்கு அந்தப் பார்வை தெரியும். அந்த நேரத்தில் தன் வாயை மூடிக்கொள்வது நல்லது என்றும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அவன் வாய் அவன் பேச்சைக் கேட்டால்தானே.

காரில் ஏறியதும் அவர் சொன்னார்: "அவசரத்துல கை தவறினா ரெண்டு பக்கமும் ஏதோ ஒண்ணு தவறும். இங்க பாரு. அறுபதுக்கு ஒன்பது மில்லி குறையுது. நாப்பதுக்கு ஆறு மில்லி. ரெண்டையும் கூட்டு."

"நூறு செண்டிமீட்டருக்குப் பதினஞ்சு மில்லி."

"பெரிய பக்கத்துல பெருசா, சின்னப் பக்கத்துல சின்னதா, ஒரே சீராத் தப்பியிருக்கு. அளந்தவன் ஒழுங்காத்தான் அளந்திருக்கான் பட்டாசு. பொய் சொன்னது ஸ்கேல்."

பின் சீட்டிலிருந்து அக்கா சட்டென்று முன்னால் குனிந்தார். "துணி டேப் நாளாக நாளாக இழுத்துக்கும் மேடம். கோடெல்லாம் தள்ளிப் போயிடும், அளவு குறைச்சலாக் காட்டும். நான் வருஷத்துக்கு ஒண்ணைத் தூக்கிப் போட்டுருவேன்."

"துணி இழுத்தா இவ்வளவு சீரா இழுக்காதும்மா. இது யாரோ வேணும்னே நீட்டிச் செஞ்ச ஸ்கேல் மாதிரி இருக்கு."

"அப்படி ஒண்ணு எங்க வீட்டுக்கே வந்துதே!" என்றார் அக்கா. தெரிந்ததைச் சொல்கிற உற்சாகத்தில் அவர் முகம் இரண்டு நாளில் முதல் தடவையாக மலர்ந்தது. "தம்பி ஒரு நாள் பையில வச்சு எடுத்துட்டு வந்துட்டான். பளபளன்னு ஸ்டீல் ஸ்கேல். பாவாடைக்குக் கோடு போட எடுத்தேன். வெடுக்குன்னு என் கையிலேர்ந்து புடுங்கிட்டான். 'ஐயோ அக்கா, அது துணிக்கு இல்ல, எதுக்கும் இல்ல, பேட்டர்னுக்கு மட்டும்தான்'னு..."

பேச்சு பாதியில் நின்றது. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்த பட்டாசு பார்வையை வெளியே திருப்பிக்கொண்டான்.

பேட்டர்ன்காரனின் மேசை பட்டறையின் ஒரு மூலையில் இருந்தது. மரச் சீவல் சுத்தமாகக் கூட்டி ஒதுக்கியிருந்தது. சுவரில் அடுத்தடுத்து இரண்டு ஆணி. இரண்டிலும் அறுபது செண்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் ஒவ்வொன்று தொங்கியது. முன்பக்கம் பார்த்தால் ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோலவே இருந்தன.

நிதானம் இரண்டையும் கழற்றி, ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்து மேசைமேல் படுக்க வைத்தார். ஒரு ஸ்கேலில் 1 என்ற கோடு இருக்கிற இடத்திலேயே மற்றதிலும் 1 இருந்தது. பத்துக்கு வரும்போது கோடுகள் லேசாக விலகின. முப்பதில் கண்ணுக்கே தெரிந்தது. அறுபதில் ஒரு ஸ்கேல் மற்றதைவிட விரல் பருமனுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஒன்பது மில்லி" என்றான் பட்டாசு. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் மண் அச்சுப் போட்டுக்கொண்டிருந்த மோல்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அது சுருக்கு ஸ்கேல் சார். உருக்கி ஊத்தினது ஆறும்போது சுருங்கும். அதனால மர மாதிரியைக் கொஞ்சம் பெருசாச் செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டா மண்டை காயும்னு ஸ்கேலையே பெருசாச் செஞ்சிருவாங்க. பின்னால பாருங்க, ஒண்ணரைன்னு குத்தியிருக்கும். நூத்துக்கு ஒண்ணரை. இங்க மண்ணு மிதிக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"ரொம்ப நன்றிங்க" என்று ஒரு குரல் வந்தது. நன்றி மோல்டருக்கு அல்ல, நிதானத்துக்கு. இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் பின்னால் வந்து நின்றிருந்தார். "அளவு ஏன் தப்புச்சுங்கறது ஒண்ணுதான் எனக்குப் புரியாம இருந்துச்சு. அவன் மேசை, அவன் மரம், இப்ப அவன் ஸ்கேலும். கேஸை நீங்களே முடிச்சுக் குடுத்துட்டீங்க மேடம்."

மணி இரண்டு ஐம்பது.

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "காப்பாத்துங்கன்னு உங்க காலைப் பிடிச்சேன். என் வாயாலேயே அவனை மாட்டி விட வச்சுட்டீங்களே" என்றார். அழுதுவிட்டார்.

பட்டாசு மேடத்தைப் பார்த்தான். அவரோ சாதாரண ஸ்கேலை அதன் ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்ஸ்பெக்டர், ஒரு சந்தேகம். இந்த அம்மா துணி அளக்க எடுத்தப்ப தம்பி ஏன் புடுங்கினான்?"

"தப்பு அளவு வரும்னு."

"பாவாடைக்கே புடுங்கினவன், திருட்டுக்கு மட்டும் அதை எடுத்துட்டுப் போவானா? பக்கத்து ஆணியில நல்ல ஸ்கேல் தொங்கும்போது?"

"பதட்டத்துல மாத்தி எடுத்திருப்பான்."

"இருக்கலாம். இல்லேன்னா, இப்படி ஒரு ஸ்கேல் உலகத்துல இருக்குன்னே தெரியாத ஆள் எடுத்திருப்பான். எனக்கு ஒரு கால் மணி நேரம் குடுங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறது யார் யாரு?"

"ஸ்டோர்காரர் எழுதுவார். சரக்கை அனுப்பலாம்னு மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவார்."

மாப்பிள்ளை என்றால் முதலாளியம்மாவின் மருமகன். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். மூன்று வருஷமாக நிர்வாகம் அவர் கையில். வெள்ளைச் சட்டையில் கரி படும் என்று உலைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். ஸ்டோர்காரரோ போன மாசம் சேர்ந்தவர். அதற்கு முன்னால் ஜவுளிக் கடையில் இருந்தவர்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு எல்லோரும் முதலாளியம்மாவின் ஜன்னலுக்கு வெளியே கூடினார்கள். முதலாளியம்மா நரைத்த தலையை நிமிர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுருக்கு ஸ்கேல் முன்பக்கம் மேலே தெரியும்படி ஜன்னல் திண்டில் கிடந்தது. மோல்டரை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

"இந்த ஜன்னலை இன்னிக்கே மூடணும்னு அம்மா சொல்றாங்க" என்று நிதானம் ஆரம்பித்தார். "கண்ணாடிக் கடைக்காரர் ரெடியா இருக்கார். ஒருத்தர் அளந்து தப்பாயிடக் கூடாது பாருங்க, அதனால ரெண்டு பேரும் தனித்தனியா அகலத்தை மட்டும் அளந்து சீட்டுல எழுதிக் குடுங்க. வாயால சொல்ல வேண்டாம்."

"இதுக்கு நான் எதுக்கு? ஒரு ஆளை விட்டா செஞ்சுட்டுப் போறான்" என்றார் மாப்பிள்ளை.

"போலீஸ் சாட்சிக்கு, பெரிய மனுஷங்க கையெழுத்தா இருந்தா நல்லதுங்க" என்றான் பட்டாசு, முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

ஸ்டோர்காரர் முதலில் போனார். ஸ்கேலைச் சட்டத்தின்மேல் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, சட்டென்று எழுதி மடித்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை அடுத்தது. அவரும் வைத்தார், பார்த்தார். மறுபடி முதல் முனையைச் சரி பார்த்தார். மறுபடி கடைசி முனைக்கு வந்தார். கட்டைவிரல் ஒரு கோட்டின்மேல் அப்படியே நின்றது. மூன்றாவது தடவையும் அளந்தார். நெற்றியில் வேர்வை பூத்திருந்ததைப் பட்டாசு பார்த்தான். பிறகு மளமளவென்று எழுதி நீட்டினார்.

நிதானம் இரண்டு சீட்டையும் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார்.

"ஸ்டோர்காரர், ஐம்பத்தொன்பது புள்ளி ஒண்ணு" என்று படித்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். கடைக்குப் போன அதே அளவு! "மாப்பிள்ளை சார், அறுபது." அவர் ஸ்டோர்காரரின் தோளைப் பிடித்தார். "சரியான அளவு அறுபது. சனிக்கிழமை எழுதின அதே தப்பை இன்னிக்கும் எழுதியிருக்கியே. மாட்டிக்கிட்டியா?"

"சார், அதுல அப்படித்தான் சார் காட்டுச்சு! வேணும்னா நீங்களே பாருங்க சார்!" ஸ்டோர்காரர் அழுதே விட்டார்.

"பாருங்களேன் இன்ஸ்பெக்டர்" என்றார் நிதானம்.

இன்ஸ்பெக்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அவர் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. சட்டம் முடிகிற இடத்தில் ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்று. அறுபதாம் கோடு சட்டத்தைத் தாண்டி வெளியே கிடந்தது.

"இந்த ஸ்கேல் பொய் சொல்லும்னு தெரியாத எவரும் ஐம்பத்தொன்பது புள்ளி ஒண்ணுன்னுதான் எழுதுவாங்க" என்றார் நிதானம். "ஸ்டோர்காரர் பார்த்ததை எழுதினார். மாப்பிள்ளை, நீங்க பார்க்காததை எழுதியிருக்கீங்க. அறுபது உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அது... ஒரு குத்துமதிப்பா..."

"மூணு தடவை அளந்துட்டா குத்துமதிப்பு?"

"ஸ்கேல்ல ஏதோ கோளாறு இருக்கும்னு தோணுச்சு. இதெல்லாம் ஒரு குத்தமா? அத்தை, இவங்களை முதல்ல வெளிய போகச் சொல்லுங்க!"

"ஏன் தோணுச்சு? கண்ணாடியை என்ன அளவுக்கு வெட்டினதுங்கறதைப் போலீஸ் வெளிய விடலை. கடைக்காரர் அவர் மேல பழின்னு புலம்பறாரே தவிர, எவ்வளவு குறைஞ்சுதுன்னு வெளிய யாருக்கும் தெரியாது. ஐம்பத்தொன்பது புள்ளி ஒண்ணுன்னு வெட்டினா சட்டத்துல நிக்காதுன்னு, வெட்டி மாட்டிப் பார்த்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். இன்னிக்கு மறுபடி அதே நம்பர் வந்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. அன்னிக்குக் குறைஞ்சதையும் சேர்த்து அறுபதுன்னு எழுதிட்டீங்க. அன்னிக்கு எங்க தப்பு பண்ணினோம்னு உங்களுக்கு இன்னும் புரியலை, இல்லையா?"

மாப்பிள்ளையின் கண் ஸ்கேலிலேயே இருந்தது. இரண்டு நாளாக அவரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி அதுதான் என்று பட்டாசுக்குப் புரிந்தது. கேட்காமல் இருக்க அந்த மனிதரால் முடியவில்லை.

"ஸ்கேல்னா ஸ்கேல்தானே!" என்று கத்தினார். "நான் சரியாத்தான் அளந்தேன்! ரெண்டு தடவை அளந்தேன்! அதுல எப்படித் தப்பு வரும்?"

தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்து, முகம் வெளுத்துப்போனது.

முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். அதட்டவில்லை. "மூணு வருஷம்" என்றார். "ஒரே ஒரு நாள் உள்ள போய் அந்தப் பசங்க என்ன செய்யறாங்கன்னு நின்னு பார்த்திருந்தா இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். விரிசல் விட்ட சக்கரம் எத்தனை போயிருக்கு? அதுல எத்தனை பேர் ஏறி இறங்கறாங்களோ, பாவி!" அவர் குரல் உடைந்தது. "இன்ஸ்பெக்டர், அவர் கார் சாவி சட்டைப் பையில இருக்கும்."

ரிஜிஸ்டர் ஸ்டெப்னி டயருக்கு அடியில் இருந்தது. உலை எரிகிற அன்றைக்கு உள்ளே போட்டுவிடலாம் என்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போலீஸ் உலையைப் பற்ற வைக்கவே விடவில்லை.

"உலைப் பக்கமே போகாத மனுஷன், வாழ்க்கையில முதல் தடவையா உலைக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கார்" என்றான் பட்டாசு. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை, வாய் பழக்கம்.

மணி மூன்று முப்பத்தைந்து. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பேட்டர்ன்காரனை வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு போனை அக்காவிடம் நீட்டினார். அவரால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கண்ணு, நான்தான்டா. விட்டுருவாங்க. மாப்பிள்ளைதான் செஞ்சிருக்கார். உன் சுருக்கு ஸ்கேலை எடுத்துட்டுப் போய்..."

அந்தப் பக்கத்திலிருந்து சோர்ந்த குரல் கேட்டது. "சனிக்கிழமை அவர் அதை எடுக்கும்போதே சொன்னேனேக்கா. 'சார், அது வேற ஸ்கேல், பக்கத்துல இருக்கறதை எடுங்க'ன்னு. 'எனக்கு ஸ்கேல் பார்க்கச் சொல்லித் தர்றியாடா'ன்னு முறைச்சுட்டுப் போனார். சாயங்காலம் அவரே கொண்டாந்து மாட்டிட்டார்."

அக்கா கழுத்து டேப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பாவி, இதை ஏன்டா போலீஸ்ல சொல்லலை?"

"நீ ஏன் செஞ்சே, ரிஜிஸ்டரை எங்க வச்சேன்னுதான் ராத்திரி பூரா கேட்டாங்க. ஸ்கேலைப் பத்தி யாருக்கா கேட்டாங்க?"

பட்டாசு ஸ்கேலை எடுத்துத் திருப்பினான். பின்பக்கம் ஒன்றரை என்று குத்தியிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைத்தார். அக்காவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, "தம்பி, நான் இன்ஸ்பெக்டர் பேசறேன்" என்றார். "இப்ப கேக்கறேன்ப்பா. சனிக்கிழமை என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு."